ஜவ்வாது மலைத் தீக்கு இரண்டு பேரேடு

மாசி பிறந்துவிட்டால் வேலூர் நகரத்து ஆட்கள் வெயிலைத் திட்டுவார்கள். ஒடுகத்தூர், ஆலங்காயம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஆட்கள் மலையைப் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு சரிவில் செந்நூல் போல ஒரு கோடு தெரிந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு படங்கள் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று செல்போனில் எடுத்த மலை. மற்றொன்று நாசா வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட், மாவட்டம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகளுடன். கூடவே "இத்தனை இடங்களில் காட்டுத்தீ" என்று ஒரு வரி.

அந்த எண் பெரும்பாலும் தப்பு. ஏன் தப்பு, சரியாக எண்ணுவது எப்படி என்பது இந்தப் பதிவின் முதல் பாதி. இரண்டாம் பாதி யாரும் பகிராத கணக்கைப் பற்றியது: தீயை அணைக்க ஆள் எத்தனை, கருவி எத்தனை, அவை இப்போது எங்கே இருக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். முதலாவது தெரியாமல் இரண்டாவதைப் போட முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புள்ளி சொல்வதும் சொல்லாததும்

தீப்புள்ளி என்பது செயற்கைக்கோள் நெருப்பின் சூட்டைக் கண்ட இடத்துக்கு வைக்கும் குறி. இவை இரண்டு வகைக் கருவிகளிலிருந்து வருகின்றன. பழையது மோடிஸ். 1999-ல் ஏவிய டெர்ரா, 2002-ல் ஏவிய அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்களில் இருக்கிறது. அதன் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 1 கிலோமீட்டர் சதுரம், அதாவது 100 ஹெக்டேர். புதியது வியர்ஸ். சுவோமி என்பிபி (2011), நோவா-20 (2017), நோவா-21 (2022) மூன்றிலும் உண்டு. கட்டம் 375 மீட்டர், சுமார் 14 ஹெக்டேர். டெர்ராவுக்கும் அக்வாவுக்கும் வயதாகிவிட்டது, நம் தலைக்கு மேல் வரும் நேரமும் பழைய நேரத்திலிருந்து நகர்ந்துவிட்டது. போதாததற்கு நம் அட்சரேகையில் மோடிஸின் அடுத்தடுத்த பாதைகளுக்கு நடுவே இடைவெளி விழும். சில நாள் ஜவ்வாது மலை அதன் கண்ணிலேயே படாது. வியர்ஸின் பாதை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் அகலம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. வேலைக்கு ஆவது வியர்ஸ்தான்.

ஒரு புள்ளி விழ அந்த 14 ஹெக்டேரும் எரிய வேண்டியதில்லை. 4 மைக்ரான் அலைநீளத்தில் நெருப்பு அவ்வளவு பளிச்சென்று தெரிவதால் கட்டத்தில் ஒரு சிறு மூலை எரிந்தாலே போதும். ஆகவே "50 புள்ளி, பெருக்கினால் 700 ஹெக்டேர் நாசம்" என்று கணக்குப் போடுவது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் தலைகளை எண்ணி ஊரின் நிலப்பரப்பைச் சொல்வதற்குச் சமம். மறுபக்கமும் உண்டு. மரக்கூரைக்கு அடியில் மெதுவாக ஊரும் சருகுத் தீ, புகையும் மேகமும் மூடிய தீ, செயற்கைக்கோள் போன பிறகு பற்றி அடுத்து வருவதற்குள் அணைந்த தீ, இவை எதுவும் புள்ளியாகாது. வியர்ஸ் நம்மைக் கடப்பது பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒருமுறை, பின்னிரவு ஒன்றரையை ஒட்டி ஒருமுறை. மாலை 4 மணிக்கு ஆடு ஓட்டிவந்தவர் போட்ட பீடித் துண்டு, இரவு 10 மணிக்குள் ஒரு சரிவையே தின்று முடித்துவிட்டால் நாசாவுக்குத் தெரியாது. புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்து, புள்ளியின் இடம். வரைபடத்தில் காட்டுவது கட்டத்தின் நடுப்புள்ளியை. நெருப்பு கட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நேர் கீழே பார்க்கும்போது நடுவிலிருந்து மூலை வரை, 265 மீட்டர் தள்ளியிருக்கலாம். பாதையின் ஓரத்தில் நாம் விழுந்தால் கட்டமே 800 மீட்டர் அளவுக்குப் பருத்துவிடும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. ஜவ்வாது மலை போல முகடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கும் இடத்தில் 300 மீட்டர் என்பது முகட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கேள்வி. ஆலங்காயம் பக்கமிருந்து இரண்டு மணி நேரம் ஏறிய குழு, நெருப்பு ஜமுனாமரத்தூர் பக்கச் சரிவில் இறங்குவதைப் பார்த்து நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. பதிவிறக்கும் கோப்பில் 'ஸ்கேன்', 'டிராக்' என்று இரண்டு பத்திகள் உண்டு, அந்தக் கட்டத்தின் உண்மையான அகல நீளம் கிலோமீட்டரில் இருக்கும். 0.4-க்குள் இருந்தால் இடத்தை ஓரளவு நம்பலாம். 0.6-க்கு மேல் போனால் கிளம்புவதற்கு முன் எதிர்ப்பக்கத்து ஊருக்கு ஒரு போன் போட்டு "புகை உங்க பக்கமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

கோப்பைத் திறக்கும்போது

நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் கடந்த 24 மணி நேரம், 48 மணி நேரம், 7 நாள் என்று மூன்று அளவில் தெற்காசியாவுக்கான கோப்பு இலவசமாகக் கிடைக்கும். செயற்கைக்கோள் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் புள்ளி வந்துவிடும். சிஎஸ்வி கோப்பை எடுத்து, அட்சரேகை 12.3 முதல் 13.2 வரை, தீர்க்கரேகை 78.3 முதல் 79.4 வரை வடிகட்டினால் ஏலகிரி, ஜவ்வாது, அமிர்தி, குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும்.

இங்கே எல்லோரும் சறுக்குவது நேரத்தில். கோப்பில் இருப்பது கிரீன்விச் நேரம். நேரப் பத்தியில் 812 என்று இருந்தால் 8 மணி 12 நிமிடம். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். நூறால் வகுத்தால் ஈவு மணி, மீதி நிமிடம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் பகல் 1:42. இது சுலபம். இரவுப் புள்ளிதான் ஏமாற்றும். மார்ச் 4 தேதியிட்டு 2010 என்று இருந்தால் 20:10. ஐந்தரை கூட்டினால் மார்ச் 5, பின்னிரவு 1:40. தேதி மாறுகிறது. இதைக் கவனிக்காமல் தேதிப் பத்தியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், மார்ச் 4 பகலில் பற்றி இரவு முழுக்க எரிந்த ஒரே தீ ஒரே நாள் தீயாகச் சுருங்கும். முந்தைய நாள் அணைந்தது இன்று மறுபடி பற்றியதுபோலவும் தோன்றும். முதல் வேலையாக இந்திய நேரத்துக்கு ஒரு புதுப் பத்தி போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவது சறுக்கல், கூட்டுவது. மூன்று வியர்ஸ் கோள்களும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வரும். ஒரே தீயை மூன்றும் பார்க்கும். மூன்று கோப்பையும் சேர்த்து எண்ணினால் தீ மூன்று மடங்காகும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் ஒரே கோளை எடுத்துக்கொண்டு அதை மட்டும் எண்ணுங்கள். 2012 முதல் தொடர்ச்சி இருப்பது சுவோமி என்பிபிக்கு. அன்றன்றைய நிலவரத்துக்கு மூன்றையும் பாருங்கள், ஆனால் எண்ணாதீர்கள்.

நம்மூருக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. பழைய வடஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆலங்காயமும் ஏலகிரியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. 2018-ல் "வேலூர் மாவட்டம்" என்று போட்ட எண்ணையும் 2021-ல் போட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்து, தீ பாதியாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். வனக்கோட்ட எல்லை வேறு, வருவாய் மாவட்ட எல்லை வேறு என்பது இதற்கு மேல் ஒரு தலைவலி. வனச்சரகம் வாரியாகப் பிரித்து வைத்தால் எந்த மறுசீரமைப்பு வந்தாலும் தரவு உடையாது.

பிறகு, காட்டுத்தீயே அல்லாத புள்ளிகளைக் கழிக்க வேண்டும். குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்துச் செங்கல் சூளை, கரும்பு வெட்டிய கொல்லையில் கொளுத்தும் சோகை, குப்பைக் கிடங்கு, தொழிற்சாலைப் புகைபோக்கி எல்லாமே சிவப்புப் புள்ளிதான். சோதிக்கும் வழி எளிது. அதே இடத்தில் அக்டோபர், நவம்பர் மழை மாதத்திலும் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது நிலையான வெப்பம், காடு அல்ல. பகலில் மட்டும், 'குறைந்த நம்பகம்' என்ற குறியோடு வந்தால் சோலார் தகடோ பெரிய தகரக் கூரையோ வெயிலைத் திருப்பி அடித்திருக்கலாம். சோகைத் தீ ஒரே ஒரு கடப்பில் தெரிந்து மறையும். மலைத் தீ பகலிலும் தெரியும், இரவிலும் தெரியும், கொஞ்சம் இடம் பெயர்ந்து தெரியும்.

மிஞ்சியதைத் தீயாகச் சேர்ப்பது கடைசிப் படி. ஒன்றுக்கொன்று 1 கிலோமீட்டருக்குள், 24 மணி நேரத்துக்குள் விழுந்த புள்ளிகளை ஒரே தீ என்று முடிச்சுப் போடுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, ஒட்டிக்கொள்ளும் வட்டங்களைக் கரைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள்: சரகத்தின் பெயர், ஆண்டு, வரிசை எண். இனிமேல் பேசுவதெல்லாம் அந்த எண்ணைப் பற்றி. புள்ளியை மறந்துவிடலாம்.

டேராடூனிலிருந்து பீட் வரை

நாட்டளவில் இந்த வேலையைச் செய்வது டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம். 2004 முதல் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. முதலில் மோடிஸை வைத்து, பிறகு வியர்ஸையும் சேர்த்து. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பில் வேலை முழுக்கத் தானியங்கியானது. அதோடு பெரிய தீக்களைத் தனியாகத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் தொடங்கியது. புள்ளியை வன எல்லையோடு பொருத்தி, வெளியே விழுவதைக் கழித்துவிட்டு, மாநிலம், கோட்டம், சரகம், பீட் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் உள்ள பகுதி) என்று இறங்கிக் குறுஞ்செய்தி போகும். பொதுமக்களும் 'வன் அக்னி' தளத்தில் பதிவு செய்து தங்கள் பகுதிக்கான எச்சரிக்கையை வாங்கலாம். நவம்பர் முதல் ஜூன் வரை ஒரு பருவம் என்று கணக்கு. 2023-24 பருவத்தில் நாடு முழுக்க 2,03,544 புள்ளிகள். முந்தைய பருவத்தில் 2,12,249. அதற்கும் முந்தையதில் 2,23,333. உத்தரகண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் முன்வரிசையில். மேலே சொன்னதை மனதில் வைத்தால் இவை எத்தனை தீ என்பதைச் சொல்லாது, எத்தனை முறை கண்ணில் பட்டது என்பதைத்தான் சொல்லும் என்பது புரியும்.

கழிப்பதில் ஒரு ஓட்டை உண்டு. ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்கு நடுநடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் சாமைக் கொல்லைகளும் இருக்கின்றன. பட்டா நிலத்தில் வரப்புச் சுத்தம் செய்யக் கொளுத்தும் தீ, வன எல்லைக்கு வெளியே என்பதால் எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அதுவே மூன்று மணி நேரத்தில் காட்டுக்குள் நுழையும். ஆகவே குறுஞ்செய்தியை நம்புகிறவர்கள் ஃபர்ம்ஸ் கோப்பையும் பார்க்க வேண்டும், குறிப்பாக எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வெளியே விழும் புள்ளிகளை.

இன்சாட் வரிசைக் கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை பார்க்கின்றனவே என்று கேட்கலாம். பார்க்கின்றன. கட்டம் 4 கிலோமீட்டர். நம் காட்டின் முழங்கால் உயரச் சருகுத் தீக்கு அந்தக் கண் மங்கல்.

இரண்டாவது பேரேடு

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. தீப் பருவத்தில் தினமும் காலையில் ஒரு நிலவர அறிக்கை விடும். அதில் தீக்களின் பட்டியல் ஒரு பாதி. ஒவ்வொரு தீக்கும் நேரே எத்தனை ஆள், எத்தனை இருபது பேர் குழு, எத்தனை வண்டி, எத்தனை ஹெலிகாப்டர் என்பது மறுபாதி. நாடு முழுவதற்கும் 1 முதல் 5 வரை ஆயத்த நிலை என்று ஒரு எண். 5 என்றால் கையிருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே களத்தில் இருக்கிறது, புதிதாகக் கேட்டால் கிடைப்பது கஷ்டம் என்று பொருள். கனடாவில் 1982 முதல் வின்னிபெக்கில் இருக்கும் மையம் இதே வேலையை மாகாணங்களுக்கு இடையே செய்கிறது. ஒரு மாகாணத்தின் ஆளையும் விமானத்தையும் மற்றொன்றுக்குக் கொடுப்பதற்கு முன்கூட்டியே கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது, தீ வந்த பிறகு கடிதப் போக்குவரத்து கிடையாது.

அந்த அறிக்கைகளை நம் செய்திகள் மொழிபெயர்க்கும்போது ஒரு தப்பு வாடிக்கையாக வரும். "60 சதவீதம் கட்டுக்குள்" என்பதை "60 சதவீதம் அணைக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். அங்கே சொல்வது, தீயின் சுற்றளவில் 60 சதவீதத்துக்குத் தாண்ட முடியாத கோடு (சருகும் புல்லும் அகற்றிய வெற்றுப் பட்டை) போட்டாயிற்று என்பது. உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும்.

நம்மிடம் பொருள் பட்டியல் இல்லாமல் இல்லை. 2003-ல் தொடங்கிய இந்தியப் பேரிடர் வள வலைத்தளம் மாவட்டம் வாரியாக ஜேசிபி, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் வரை பதிவு செய்யும் ஏற்பாடு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் நம் அரக்கோணத்திலேயே இருக்கிறது. ஆனால் பட்டியல் என்பது என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இன்று காலை 8 மணிக்கு அது சும்மா இருக்கிறதா, வேலையில் இருக்கிறதா, ரிப்பேரில் இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நிலையும் இல்லாத பட்டியல், கல்யாண மண்டபப் பாத்திரக் கணக்கு போல. எண் சரியாக இருக்கும், எடுக்கப் போனால் அண்டா வேறொரு மண்டபத்தில் இருக்கும்.

ஒரு சரகத்துக்கு நான் பரிந்துரைக்கும் பேரேடு ஒரே பக்கம்தான். அதில் என்னென்ன வர வேண்டும் என்பதை ஒரு கணக்கோடு சொன்னால் புரியும்.

பகல் 1:40-க்குச் செயற்கைக்கோள் பார்த்தது. செய்தி கைக்கு வரும்போது 3 மணி என்று வைப்போம். ஆட்களைத் திரட்டி ஜீப் போகும் கடைசி இடம் சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து சுமையோடு மலையேற்றம், மணிக்கு 2 கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். தீயருகே நிற்கும்போது 5:40. நாலு மணி நேரம். சமதளத்தில் சருகுத் தீ நிமிடத்துக்கு 1 மீட்டர் என்று சோம்பேறித்தனமாக நகர்ந்தாலும் 240 மீட்டர் ஆரம். சுற்றளவு 1,500 மீட்டர், பரப்பு 18 ஹெக்டேர். சரிவு என்றால் கதை வேறு. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் மேல்நோக்கிப் போகும் வேகம் இரட்டிக்கும் என்பது களத்தில் புழங்கும் விதி. 20 டிகிரியில் நாலு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. ஓடைப்பள்ளம் புகைபோக்கி மாதிரி இழுக்கும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் சிக்கியதும் காய்ந்த புல் மண்டிய செங்குத்துச் சரிவில்தான். தீக்கு மேற்பக்கம் ஆளை நிறுத்தவே கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இப்போது 1,500 மீட்டர் கோடு போட எத்தனை பேர், எத்தனை நேரம்? இதற்கு எந்தப் புத்தகத்து எண்ணையும் நம்ப வேண்டாம். ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு சுத்தம் செய்யும்போதே அளந்துவிடுங்கள். ப்ளோயர் (சருகை ஊதித் தள்ளும் இயந்திரம்) ஒன்று, சருகு வாரி இரண்டு பேர், கத்தி ஒருவர், அரை மணி நேரத்தில் எத்தனை மீட்டர்? 150 வந்தால் மணிக்கு 300. ஒரே குழுவென்றால் 1,500 மீட்டருக்கு ஐந்து மணி நேரம். அதற்குள் தீ இன்னும் விரிந்திருக்கும், ஆகவே குறைந்தது இரண்டு குழு இரண்டு பக்கமிருந்து தொடங்கி, தீயின் வால்பக்கத்தை முதலில் பிடித்து, தலைக்கு முன்னால் ஏற்கெனவே உள்ள பாதையிலோ பாறையிலோ போய்ச் சேர வேண்டும். உங்கள் சரகத்துக்கான அந்த ஒரு எண், மணிக்கு இத்தனை மீட்டர் என்பது, பேரேட்டின் தலையில் எழுதப்பட வேண்டும். மூங்கில் புதருக்கு ஒன்று, உண்ணிச்செடி மண்டிய இடத்துக்கு ஒன்று, வெறும் சருகுக்கு ஒன்று என்று மூன்று எண் இருந்தால் இன்னும் உத்தமம்.

சுமைக் கணக்கு அடுத்தது. முதுகில் மாட்டும் ப்ளோயரின் டாங்க் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். இரண்டு ப்ளோயர் ஐந்து மணி நேரம் ஓட 15 முதல் 20 லிட்டர் ஆயில் கலந்த பெட்ரோல். குடிதண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர், 12 பேருக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. ஆகவே சுமப்பதற்கென்றே இரண்டு பேர் தனியாக வேண்டும். இவர்களை அணைக்கும் ஆட்களோடு சேர்த்து எண்ணுவதுதான் வழக்கமான தப்பு. காகிதத்தில் 12 பேர், நெருப்பருகே 10 பேர். ஓடிக்கொண்டிருந்த சூடான ப்ளோயரில் சருகு மேல் நின்று பெட்ரோல் ஊற்றுவது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. எரிந்து முடிந்த கருப்புத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

பச்சைத் தழை ஒடித்து அடிப்பது பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் மார்ச் மாதத்து இலையுதிர் காட்டில் தழைக்கு எங்கே போவது? சாக்கு நனைத்துக் கொண்டுபோனால் அதற்கும் தண்ணீர். நீளக் கைப்பிடியில் ரப்பர் பட்டை கட்டிய அடிப்பான் அத்தனை பேருக்கும் இருக்கிறதா என்பது பேரேட்டில் ஒரு வரி.

தீயணைப்பு வண்டி நான்கைந்தாயிரம் லிட்டர் கொண்டுவரும், தார்ச்சாலையோடு நின்றுவிடும். அதை மலையடி ஊர்களையும் கொல்லைகளையும் காக்க நிறுத்தலாம். மலைமேல் அதற்கு வேலையில்லை. ஹெலிகாப்டர் என்பது பலரும் கேட்பது. 2024 மார்ச்சில் குன்னூரில் விமானப்படையின் எம்ஐ-17 வாளி கட்டித் தண்ணீர் ஊற்றியது. சூலூர் விமானப்படைத் தளம் அங்கிருந்து எட்டும் தூரம், எடுக்க நீர்நிலையும் இருந்தது. நம் பக்கம் கேட்பதற்கு முன்னால் மோர்தானா, ஆண்டியப்பனூர், செண்பகத்தோப்பு அணைகளில் இன்று எவ்வளவு தண்ணீர், வாளி முங்குமா என்ற பதில் கையில் இருக்க வேண்டும். அதனால் அணை நீர்மட்டமும் இந்தப் பேரேட்டில் வாரம் ஒருமுறை ஏற வேண்டிய எண். தண்ணீர் ஊற்றினாலும் கீழே கோடு போட ஆள் இல்லாவிட்டால் மறுநாள் மதியம் தீ எழுந்துவிடும் என்பது வேறு.

ஓய்வுப் பத்தியை யாரும் போடுவதில்லை. அமெரிக்கக் குழுக்களுக்கு இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு, 14 நாளுக்கு மேல் தொடர்ந்து களத்தில் இல்லை என்று விதி. நம் தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் மூன்று இரவு தொடர்ந்து மலையில் இருந்துவிட்டு நாலாவது அழைப்புக்கும் போகிறார்கள். பேரேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே 'கைவசம்' என்று இருக்கும். அது பொய்க் கணக்கு. கடைசியாக எப்போது இறங்கினார் என்ற மணி எழுதப்பட்டால்தான், பக்கத்துச் சரகத்திலிருந்து ஆள் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரியும். ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றுக்கும் பொது. பேரணாம்பட்டுக் காடு ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்தோடு ஒட்டியது. யானைக்கு இல்லாத எல்லை தீக்கும் இல்லை. மூன்று கோட்டமும் ஒரே பக்கத்தில் தினமும் காலை ஒரு எண் போட்டால், 1 முதல் 5 வரை, எங்கே 2, எங்கே 4 என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதற்குச் செயலி வேண்டாம். கூகுள் ஷீட் போதும், அதுவும் மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் வயர்லெஸ்ஸில் படித்துக் கேட்டு எழுதும் அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தீ எண்ணுக்கும் ஐந்து நேரம் குறியுங்கள்: செயற்கைக்கோள் பார்த்தது, செய்தி வந்தது, குழு கிளம்பியது, தீயருகே சேர்ந்தது, கோடு மூடியது. ஒரு பருவத்துக்குப் பிறகு இந்த ஐந்தையும் கழித்துப் பார்த்தால் நேரம் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். செய்தி தாமதமா, வண்டி தாமதமா, நடை தாமதமா? நடை என்றால் தீத்தடுப்பு முகாம் இருக்கும் இடம் தப்பு. வண்டி என்றால் பணம் ஒதுக்க வேண்டிய இடம் அது. தேசிய அளவில் காட்டுத்தீத் தடுப்புத் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் 60:40 பங்கீட்டில் பணம் வருகிறது. அதை எதற்குக் கேட்பது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

நிலையைக் கனடாக்காரர்கள் மாதிரி நாலாகப் பிரிப்பது நல்லது: கட்டுக்கடங்காதது, பிடித்து நிறுத்தியது, கட்டுக்குள், அணைந்தது. மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்ற அவசரப்படக் கூடாது. விழுந்து கிடக்கும் வேங்கைக் கட்டை, கறையான் அரித்துப் பொந்தான மரம், காய்ந்த மூங்கில் தூர், உலர்ந்த சாணம், யானை லத்தி, இவற்றுக்குள் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். காலையில் சாம்பல் போலத் தெரிவது பகல் 11 மணிக்கு மேல் காற்று எழும்போது கண் திறக்கும். சரிவில் எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டும். பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே ஒருமுறை சுற்றளவு முழுக்க நடந்து, புறங்கையை வைத்துப் பார்த்து, எங்கும் சூடில்லை என்றால்தான் 'அணைந்தது'. பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை: இதற்காகக் கூட அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள், 1882-ம் ஆண்டு வனச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலையடியிலிருந்து புகையின் திசையைப் பார்த்துச் சரக அலுவலகத்துக்குச் சொன்னால் அதுவே பெரிய உதவி.

எரிந்த பரப்பு பிறகு பார்க்க வேண்டியது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் அண்மை அகச்சிவப்பையும் குறுஅலை அகச்சிவப்பையும் வைத்து எரிவுக் குறியீடு போட்டு, முன்னுக்குப் பின் கழித்தால் 20 மீட்டர் துல்லியத்தில் தழும்பு தெரியும். ஒரே எச்சரிக்கை: முன்படமாக டிசம்பர் மாதத்தை எடுக்காதீர்கள். இலையுதிர்வே எரிந்தது போலக் காட்டும். தீக்கு ஐந்து, பத்து நாள் முன்னால் எடுத்த படம்தான் வேண்டும்.

ஜூனில் இரண்டு நல்ல மழை விழுந்ததும் பேரேட்டை மூடிவிடுவார்கள். மூடும் முன் ப்ளோயர்களின் டாங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு அணைத்து வையுங்கள். ஆயில் கலந்த பெட்ரோல் ஆறு மாதம் கிடந்தால் கார்புரேட்டரில் பிசினாக உறைந்துவிடும். ஜனவரியில் பட்டியலில் 6 என்று இருக்கும், இழுத்தால் 3 தான் கிளம்பும். அடுத்த பருவத்துப் பேரேட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது அந்த 3.